பதினேழாம் எண் வாய்

ஜனவரி 12

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனில் பேசினால் நீ "சரி அண்ணி, சரி அண்ணி" என்று நழுவிவிடுகிறாய். கடிதத்துக்குப் பதில் எழுதித்தான் ஆகவேண்டும். கோழி கிளறியது போலத்தான் இருக்கும் என் எழுத்து, பொறுத்துப் படி. மூன்றாம் வகுப்போடு நின்றவளிடம் இதற்கு மேல் எதிர்பார்க்காதே.

நீ வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியின் வேன் போன வியாழக்கிழமை எங்கள் பிஸ்கட் ஆலைக்கு வந்தது. இங்கே மாவும் சர்க்கரைத் தூளும் காற்றில் பறப்பதால் எங்கள் ஈறெல்லாம் கெட்டுக் கிடக்கிறதாம். புதிதாக ஒரு ஈறு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்களாம். அது வேலை செய்கிறதா என்று பார்க்க வாய் வேண்டுமாம். நாற்பது வாய்களுக்கு எண் கொடுத்தார்கள். நான் பதினேழு.

வந்தவர் ஒரு சின்ன டாக்டர். மீசை வளரலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யாத முகம். கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு, "மூணு, ரெண்டு, நாலு" என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு பெண் அட்டையில் எழுதினாள். தையல்காரர் அளவு சொல்வது போலவே இருந்தது. "டாக்டர், கொஞ்சம் லூசாவே தைங்க, நான் நிறையப் பேசுறவ" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவர் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்காத ஆளைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம் இரண்டு டியூப் கொடுத்தார். சிவப்பு மூடி வலது பக்கத்து ஈறுக்கு, நீல மூடி இடது பக்கத்துக்கு. ஒன்றில்தான் மருந்து, மற்றதில் வெறும் பசை. எது எதில் என்று எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாதாம். ஒவ்வொருவருக்கும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்களாம். தெரிந்த பட்டியல் உங்கள் ஆபீசில் கவருக்குள் தூங்குகிறதாம். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது, சரி. இங்கே மாடும் நான்தான், பல்லும் என்னுடையது. ஒரு தரம் அந்தக் கவரைத் திறந்து பார்த்துச் சொல்லேன். என் கணிப்பு, சிவப்பு.

வருகிற ஒவ்வொரு முறையும் ஒரு கைத்துண்டு பரிசு. அதை வாங்கிக்கொண்டு அட்டையின் பின்புறம் கையெழுத்துப் போட வேண்டும். புறப்படும்போது வேன் டிரைவர் கதவுத் தகரத்தில் வலது கட்டைவிரலைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டார். டாக்டர் பார்த்துக்கொண்டே நின்றார். விரல் அவர் பாடத்தில் இல்லை போலும். என் தலைத்துணியைக் கிழித்து நான்தான் கட்டிவிட்டேன்.

உன் அண்ணன் நலம். வழக்கம்போல ஒரு நாளைக்கு ஏழு வார்த்தை பேசுகிறார்.

உன் அண்ணி


ஜனவரி 20

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். எழுதாவிட்டால் மறுபடி கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

அந்தக் கவரைத் திறக்க முடியாது. அது இரும்பு அலமாரியில் இருக்கிறது. இரண்டு சாவி, இரண்டு ஆட்கள். அதில் ஒருவன் நான் இல்லை. ஊர் ஊராக வரும் அளவு அட்டைகளைக் கணினியில் ஏற்றுவது மட்டும்தான் என் வேலை. திறக்க முடிந்தாலும் திறக்க மாட்டேன். எந்தப் பக்கம் மருந்து என்று தெரிந்தால் அந்தப் பக்கத்தை நீங்கள் விசேஷமாகக் கவனிப்பீர்கள். பிறகு குணம் மருந்தாலா, உங்கள் கவனிப்பாலா என்று யாராலும் சொல்ல முடியாது. நாற்பது பேரின் உழைப்பும் வீண்.

நீங்கள் சிரித்துக்கொண்டே காரியம் சாதிப்பவர். இங்கே அது வேண்டாம். இரண்டு டியூப்பையும் சமமாகத் தடவுங்கள். ஆராய்ச்சி முடியும்வரை வேறு பல் வைத்தியரிடம் போகக்கூடாது. போனால் உங்கள் அட்டை ரத்தாகும், கடைசியில் தருவதாகச் சொன்ன இலவச சிகிச்சையும் கிடைக்காது.

இப்படி எனக்கு எழுதிக் கேட்டதாக யாரிடமும் சொல்லாதீர்கள். என் வேலை போய்விடும்.

அண்ணனுக்கு என் வணக்கம்.

தம்பி


மார்ச் 4

கொழுந்தனாரே,

உன் கடிதத்தைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அவ்வளவு கண்டிப்பு! நான் குளிப்பாட்டிவிட்ட பிள்ளையா இவன் என்று சந்தேகமாகிவிட்டது.

கவர் பேச்சை விட்டுவிட்டேன். இது வேறு விஷயம்.

சிவப்பு எரிகிறது. முதலில் மிளகாய் கடித்த மாதிரி இருந்தது. இப்போது வலது கீழ் ஈறு வீங்கி, துப்பினால் ரத்தம். கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. இடது பக்கம் ஒன்றுமே இல்லை. இரண்டாம் தடவை வேன் வந்தபோது டாக்டரிடம் சொன்னேன். "எரிஞ்சா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்மா" என்றார். எந்தப் பக்கம் மருந்து என்றே அவருக்குத் தெரியாதாமே, பிறகு வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்? கேட்டேன். "அடுத்த ஆள் வாங்க" என்றார்.

பொட்டலப் பிரிவில் உயரமாக ஒருத்தி இருக்கிறாள், ஒட்டகச்சிவிங்கி என்று கூப்பிடுவோம், அவளுக்கு இடது பக்கம் எரிகிறது. வலது பக்கம் சுகமாம். அவளுக்கு மருந்து நீல மூடியில் இருக்குமோ?

உன் அண்ணனிடம் புலம்பினேன். "நீ வாய மூடு, எந்தப் பக்கமும் எரியாது" என்றார். அன்றைய ஏழு வார்த்தையில் ஆறு அதிலேயே போய்விட்டது.

ஆடுகிற பல்லை என்ன செய்ய, சொல்.

அண்ணி


மார்ச் 11

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

டியூப்போடு கொடுத்த தாளில் ஒரு போன் எண் இருக்கும். அதில் சொல்லுங்கள். ஏப்ரல் 2 அன்று வேன் மூன்றாம் முறை வரும். அதுவரை வெளி வைத்தியரிடம் போகாதீர்கள். உங்கள் இரண்டாம் வருகை அட்டை என்னிடம் வந்துவிட்டது. எரிச்சல் என்று அதில் எதுவும் எழுதவில்லை. நீங்கள் டாக்டரிடம் விளையாட்டாகச் சொல்லியிருப்பீர்கள், அவரும் விளையாட்டு என்றே எடுத்திருப்பார்.

தம்பி


ஏப்ரல் 10

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 2 அட்டைகள் நேற்று வந்தன. பதினேழாம் எண்ணைப் பார்த்தேன். வலது கீழ்க் கடைவாய்ப் பற்களின் அளவு 2, 2, 3. ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. "நல்ல முன்னேற்றம்" என்று எழுதியிருக்கிறது. மூன்றுக்குள் இருந்தால் ஆரோக்கியமான ஈறு என்று அர்த்தம். ஒரு மாதத்துக்கு முன் ரத்தம் துப்பியதாக எழுதியவரின் வாய் இது.

எண்களை ஏற்றும் எனக்கு அட்டையின் பின்புறம் தேவையில்லை. திருப்பவே மாட்டேன். உங்களுடையது என்பதால் திருப்பினேன். முதல் இரண்டு வருகைக்கும் உங்கள் கையெழுத்து இருக்கிறது. மூன்றாவதற்குக் கைரேகை.

அண்ணி, அன்று உங்களுக்குப் பதிலாக யாரை உட்கார வைத்தீர்கள்? ஒட்டகச்சிவிங்கியையா? ஒரு கைத்துண்டுக்காகவா? இல்லை, டாக்டரை ஏமாற்றிப் பார்ப்பதில் ஒரு சந்தோஷமா? வீட்டுக்கு வரும் விருந்தாளியின் செருப்பை ஒளித்து வைத்துவிட்டுத் தேடுவது போல நடிப்பவர் நீங்கள். நானும் சிறு வயதில் சிரித்திருக்கிறேன். இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆள்மாறாட்டம் என்று சொல்வார்கள்.

உண்மையை எழுதுங்கள்.

தம்பி


ஏப்ரல் 15

தம்பி,

கடிதத்தை உன் அண்ணன்தான் முதலில் பிரித்தார். படித்துவிட்டு என்னிடம் நீட்டிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது படித்த எழுத்தெல்லாம் மறந்திருந்தேன். எங்கே கேட்டாலும் கட்டைவிரலை மையில் தோய்ப்பேன். ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் அடுப்படியில் கரித்துண்டோடு உட்கார்ந்து, "கை வைக்காதீங்க அண்ணி, எழுதுங்க, அசிங்கமா வந்தாலும் எழுதுங்க" என்று என் பெயரைப் பழக்கினான். அன்றைக்கு அப்புறம் நான் எந்தக் காகிதத்திலும் ரேகை வைத்ததில்லை. அந்தப் பையனை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. அதனால் நானும் உன்னை ஒன்று கேட்கிறேன். அந்த அட்டையை ஆபீசில் உட்கார்ந்து நிரப்பியது யார்? நீ இல்லையே?

ஏப்ரல் 2 அன்று வேன் வரவே இல்லை. நாற்பது பேரும் வேலை முடிந்து சாப்பாட்டுக் கூடத்தில் இருட்டும்வரை காத்திருந்தோம்.

ஒரு குற்றம் என்னிடமும் இருக்கிறது, மறைக்கமாட்டேன். நீ போகாதே என்றாய், நான் போனேன். தாளில் இருந்த எண்ணுக்கு நாலு தரம் போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. வலி தாங்காமல் மார்ச் 21 அன்று கடைவீதியில் இருக்கும் பல் வைத்தியரிடம் போய்ப் பிடுங்கிவிட்டேன். அட்டை ரத்தாகிவிடும் என்று பயந்து உன்னிடம் சொல்லவில்லை. பல் போனால் சொல் போச்சு என்பார்கள், என் சொல்லுக்கு உன்னிடம் மதிப்பு போனதும் அப்படித்தான் போலிருக்கிறது.

இந்தக் கடிதத்தோடு ஒரு தீப்பெட்டி இருக்கும். பயப்படாமல் திற. வலது கீழ்க் கடைவாய்ப் பல், வைத்தியர் கொடுத்த தேதி போட்ட சீட்டோடு. நீ எழுதினாயே, 2, 2, 3 என்று. அந்த இடத்தில் இப்போது பள்ளம்தான் இருக்கிறது. இல்லாத பல்லுக்கு ஈறு அளந்த அந்தக் கம்பியை ஒரு நாள் எனக்குக் காட்டு.

அண்ணி


ஏப்ரல் 22

அண்ணிக்கு,

தீப்பெட்டி வந்தது. ஆபீசில் எல்லார் முன்னாலும் திறந்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: நான் இல்லை. அப்படிக் கேட்கும் நிலைக்கு உங்களைத் தள்ளியது நான்தான். கரித்துண்டு எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரேகையைப் பார்த்த நிமிடத்திலேயே ஞாபகம் வந்திருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டால் கிண்டல் செய்வீர்கள், இருந்தாலும் கேட்கிறேன்.

அன்று எல்லாரும் போன பிறகு நாற்பது அட்டைகளையும் திருப்பினேன். ஏப்ரல் 2க்கு நேராக நாற்பதிலும் கைரேகை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அண்ணி, நாற்பதும் ஒரே கட்டைவிரல். நடுவில் குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு.

அன்றிலிருந்து நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. விரலைப் பார்க்கிறேன். தேநீர் கொடுப்பவர், மின்தூக்கி இயக்குபவர், அட்டையில் அளவு எழுதும் அந்தப் பெண். சின்ன டாக்டரிடம் பேனா இரவல் கேட்டேன், அவர் விரலில் தழும்பு இல்லை. பேராசிரியர் கோப்பை நீட்டியபோதும் விரலைத்தான் பார்த்தேன். "என்னய்யா, கையில என்ன ஒட்டியிருக்கு?" என்றார். அவருக்கும் இல்லை. இருந்தாலும் அவரை நம்புவதா என்று தெரியவில்லை. இந்த மருந்தைக் கண்டுபிடித்தவரே அவர்தான்.

மே 4 அன்று இந்த அளவுகள் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் குழுவின் முன் போகின்றன. காகிதப்படி எல்லா ஈறும் குணமாகிக்கொண்டு வருகிறது. அப்படியே ஏற்றுக்கொண்டால் அடுத்து உங்கள் ஆலையில் எண்ணூறு பேருக்கும் இதே டியூப். நான் வாய் திறந்தால் உங்கள் பல்லைக் காட்ட வேண்டும். நீங்கள் வெளியே போனதும் தெரியும், அட்டை ரத்தாகும், இலவச சிகிச்சை போகும். காட்டலாமா?

தம்பி


ஏப்ரல் 27

கொழுந்தனாரே,

காட்டு. முப்பத்திரண்டில் ஒன்றை உனக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், அதை வைத்துக்கொண்டு அனுமதி கேட்கிறாய்!

விரல் விரலாகத் தேடி அலைந்தாயே, அப்பாவி. என்னிடம் கேட்டிருக்கக்கூடாதா? வலது கட்டைவிரல், குறுக்காக வெட்டு. அதற்குத் துணி கட்டியதே நான்தான். ஜனவரியில் உனக்கு எழுதினேன், நீ கவர் பற்றிய வரியை மட்டும் படித்துப் பதறிவிட்டாய். வேன் டிரைவர்.

ஆனால் அவரைத் திட்டாதே. ஸ்டியரிங் பிடிக்கிற கைக்கு ஈறு அளவு என்ன தெரியும்? மையை நீட்டியவர் யார் என்று பார்.

உன் கடிதம் வந்த மறுநாள் நானும் ஒரு ஆராய்ச்சி செய்தேன். சாப்பாட்டு இடைவேளையில் கைவிளக்கோடு நின்று நாற்பது பேரையும் வரிசையாக வாயைத் திறக்கச் சொன்னேன். என் வாயை ஒட்டகச்சிவிங்கி பார்த்தாள், அவள் குனிய வேண்டியிருந்தது. மேற்பார்வையாளர் வந்து, "இங்க என்ன நடக்குது?" என்றார். "பிஸ்கட் யார் திருடித் திங்கிறாங்கன்னு பாக்குறோம் சார், நீங்களும் ஆ காட்டுங்க" என்றேன். போய்விட்டார்.

பதினான்கு பேருக்கு ஈறு புண். ஒருவருக்குக்கூட இரண்டு பக்கமும் இல்லை. ஒன்பது பேருக்கு வலது, ஐந்து பேருக்கு இடது. பிஸ்கட் அட்டையில் எண் போட்டு, பக்கம் போட்டு எழுதியிருக்கிறோம். ஏப்ரல் 2 அன்று யாரையும் யாரும் அளக்கவில்லை என்றும் எழுதி நாற்பது பேரும் கீழே கையெழுத்துப் போட்டோம். எழுதத் தெரியாத ஆறு பேருக்கு இரண்டு நாள் நானே பழக்கினேன். அசிங்கமாக வந்தாலும் எழுது என்று. அந்த அட்டையை இத்தோடு வைத்திருக்கிறேன். டியூப் தடவுவதை எல்லாரும் நிறுத்திவிட்டோம்.

பேராசிரியரிடம் தனியாகப் போகாதே. நல்லவராகவே இருக்கட்டும், இருந்தாலும் போகாதே. குழு கூடும்போது எல்லார் கண் முன்னால் தீப்பெட்டியைத் திற.

அண்ணி


மே 6

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

அவசரம். தீப்பெட்டியையும் பிஸ்கட் அட்டையையும் காட்டினேன், டிரைவர் விரலைப் பற்றியும் சொன்னேன். குழு அளவுகளை ஏற்கவில்லை, தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆனால் சந்தேகம் இப்போது என்மேல். "பதினேழாம் எண் உங்க அண்ணியா? நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு அட்டைய மாத்துனீங்களா?" என்று சின்ன டாக்டர் எல்லார் முன்னாலும் கேட்டார். என் பத்து விரலையும் மையில் தோய்த்து எடுத்தார்கள். வீட்டில் என்ன கடிதப் போக்குவரத்து என்றும் கேட்டார்கள். உங்களுடையதை எல்லாம் கொடுத்துவிட்டேன். முதல் கடிதத்தில் கவரைத் திறக்கச் சொல்லியிருக்கிறீர்களே, அதைச் சத்தமாகப் படித்தார்கள். நான் எழுதிய பதிலை வைத்திருக்கிறீர்களா? இருந்தால் உடனே அனுப்புங்கள். இல்லையென்றால் என் வேலை இல்லை.

தம்பி


மே 9

கொழுந்தனாரே,

பிஸ்கட் டப்பாவில் அத்தனையும் இருந்தது. இத்தோடு அனுப்பியிருக்கிறேன். "திறக்க முடிந்தாலும் திறக்க மாட்டேன்" என்ற வரியின் கீழே உன் அண்ணன் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார், நான் இல்லை. அதை அழிக்கச் சொன்னேன். "இருக்கட்டும்" என்றார்.

பெரிய மனிதர்கள் படிக்கப்போகிறார்கள் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் மீசையைப் பற்றி அப்படி எழுதியிருக்க மாட்டேன். இன்னும் நன்றாக எழுதியிருப்பேன்.

அண்ணி


மே 25

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

என் பதில் கடிதம் என்னைக் காப்பாற்றியது. குழுத் தலைவி அம்மாள் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இவ்வளவு கடுமையா வீட்டுக்கு எழுதுறவர் கள்ளம் பண்ண மாட்டார்" என்றார். பாராட்டா என்று தெரியவில்லை.

டிரைவரை அழைத்தார்கள். "டாக்டர் சார் மை பேடை நீட்டுனார், விரலை வச்சேன். நாற்பது தடவை வச்சதுல மை போக ரெண்டு நாளாச்சு" என்றார். ஏப்ரல் 2 அன்று சின்ன டாக்டர் வேறொரு தனியார் கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அளவுகளை முந்தின இரவு மேசையில் உட்கார்ந்தே எழுதியிருக்கிறார். இரண்டாம் வருகையில் நீங்கள் சொன்ன எரிச்சலையும் எழுதாமல் விட்டது அவர்தான். முன்னேற்றம் காட்டினால் பேராசிரியர் மகிழ்வார் என்று நினைத்தாராம். பேராசிரியர் மகிழவில்லை. தீப்பெட்டியைத் திறந்து, சீட்டில் இருந்த தேதியை அட்டைத் தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

பிறகு இரண்டு சாவியும் வந்தன. கவரைத் திறந்தார்கள். உங்கள் பிஸ்கட் அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்கள். பதினான்கு பேருக்கும் புண் இருந்த பக்கம்தான் மருந்து இருந்த பக்கம். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்கள். அந்த மருந்து இனி யார் வாயிலும் படாது.

ஜனவரியில் நீங்கள் கேட்டதை இப்போது சொல்ல எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது: சிவப்பு.

உங்கள் அட்டை ரத்தாகவில்லை. புண்ணுக்கு எல்லாருக்கும் இங்கே வைத்தியம். உங்களுக்குப் புதுப் பல்லும் கட்டித் தருகிறார்கள். ஜூன் 8 வாருங்கள். நான் பஸ் நிலையத்துக்கு வந்து அழைத்துப் போகிறேன்.

தம்பி


மே 30

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

சிவப்பு என்று நான் அன்றே சொன்னேன். அதைக் குழுவின் காகிதத்தில் எங்கேயாவது எழுதி வைக்கச் சொல்.

வருகிறேன். உன் அண்ணனும் வருகிறார். உன்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். என்ன வார்த்தை என்று கேட்டேன், அங்கே வந்துதான் சொல்வாராம். பயப்படாதே, முகம் நன்றாகத்தான் இருக்கிறது.

என் பல்லை வாங்கி வை. சாட்சி சொல்லி முடித்தாயிற்று, இனி அவர்களுக்கு எதற்கு? டிரைவரையும் பார்க்க வேண்டும். தையல் போடாமலே ஆறியிருக்கிறது என்றால் என் கட்டு நல்ல கட்டு.

புதுப் பல் கட்டுகிறவர் யார் என்று விசாரித்து வை. சிரிக்கிற ஆளாக இருந்தால் நல்லது. எப்படி இருந்தாலும் ஒன்று சொல்லிவிடு: முதலில் அவர் இரண்டு கட்டைவிரலையும் நீட்ட வேண்டும். நான் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

உன் அண்ணி